பால்வண்ணம் போட்ட நிழல்

பன்னிரண்டு டன் கருங்கல் ஒன்று தலைக்கு மேலே தொங்குகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்க யாருக்காவது மனசு வருமா? நீங்களே சொல்லுங்கள்.

வந்தது. நாலு பேருக்கு வந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷமாக.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்தது அந்தக் கல் யார்டு. மலையில் வெட்டிய கற்கள் லாரியில் வந்து இறங்கும். கப்பல் வரும்வரை அடுக்கி வைத்திருந்து, பிறகு ட்ரெய்லரில் ஏற்றி அனுப்புவார்கள். ஒவ்வொரு கல்லும் இரட்டைக் கட்டில் அகலம், இடுப்பு உயரம்.

யார்டில் ஒரு வேப்பமரம் நின்றது. கல் அடுக்க இடம் போதவில்லை என்று அதை வெட்டிவிட்டார்கள். அதோடு நிழல் என்கிற பேச்சே அங்கே இல்லாமல் போனது. கல்லும் வெயிலும், வெயிலும் கல்லும்தான்.

ஒரு சித்திரை மாதத்தில், கல்லுக்கு வடம் கட்டுகிற பேச்சித்தாய் மயங்கி விழுந்தாள்.

கிரேன் ஓட்டுகிற பால்வண்ணம் அதைக் கேபினிலிருந்து பார்த்தார். மறுநாள் மத்தியானம், தூக்கிய கல்லை இறக்காமல் இரண்டு ஆள் உயரத்தில் அப்படியே நிறுத்திவிட்டுச் சாப்பிட இறங்கினார்.

உச்சி வெயில். நிழல் நேர் கீழே விழுந்தது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம்.

"உக்காருங்க," என்றார்.

உட்கார்ந்தார்கள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மணி ஒன்று அடித்தால் நாலு பேரில் ஒருவரான கொம்பையா கீழேயிருந்து கத்துவார்: "அண்ணாச்சி, நிழல் போடுங்க!"

பால்வண்ணம் நிழல் போடுவார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கி, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குச் சாப்பிடப் போவார். திரும்பி வந்து ஒரு விசில் அடித்தால் நாலு பேரும் எழுந்துகொள்வார்கள். வேலை நடக்கும்.

ஒன்றே ஒன்று. சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தக் கல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். நாலு விரற்கடை. சில நாள் அதற்கும் கூட.

"கல்லுக்கும் பசிக்குதுல்லா," என்பார் கொம்பையா. "இன்னைக்கு என்ன குழம்புன்னு எட்டிப் பாக்குது."

நாலு பேரும் சிரிப்பார்கள். பால்வண்ணம் காதில் விழுந்தால் அவரும் சிரிப்பார்.

வெயிலில் கம்பி வடம் ஒரு நூல் நீளுமாயிருக்கும், மிச்சமெல்லாம் கொம்பையாவின் வேடிக்கை என்று நினைத்துக்கொள்வார்.

*

திங்கட்கிழமை புதிதாக ஒரு சேஃப்டி மேடம் வந்தாள். பெயர் ஜெபக்கனி. முப்பத்திரண்டு வயசு. துறைமுகத்தில் எட்டு வருஷம் வடம் கட்டியவள். பிறகு படித்துப் பரீட்சை எழுதி, இந்த வேலைக்கு வந்திருந்தாள். இந்த யார்டு ஒன்று, பக்கத்தில் இன்னொரு யார்டு, இரண்டுக்கும் அவள்தான்.

வந்த அன்றைக்கே மூன்று போர்டு வைத்தாள். 'தொங்கும் சுமைக்குக் கீழே நிற்காதே.'

மத்தியானம் விசில் அடித்து நாலு பேரையும் கிளப்பினாள்.

கிளம்பினார்கள். அவள் மொபெட்டில் ஏறி அடுத்த யார்டுக்குப் போனாள். நாலு பேரும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பால்வண்ணம் தன் அட்டையை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். ஓட்டுநர் அட்டை. வருஷத்துக்கு ஒரு முறை அதில் சேஃப்டிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை சாயந்தரத்துக்குள் கையெழுத்து விழாவிட்டால், திங்கட்கிழமை வேறு ஆள் கேபினில் ஏறுவான். பால்வண்ணம் ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி எண்ண வேண்டியதுதான்.

"மேடம், ஒரு கையெழுத்து."

ஜெபக்கனி அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை வருஷம் அண்ணாச்சி?"

"பத்தொன்பது. ஒரு கல்லு விழுந்ததில்ல. ஒரு ஆளுக்கு நகம் பெயந்ததில்ல. யாருட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"கல்லைத் தூக்கும்போது எங்க பாப்பீங்க?"

"இது என்ன கேள்வி? கல்லைத்தான்."

அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி."

*

பால்வண்ணத்துக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருஷம் ஓட்டியவனிடம் நேற்று வந்தவள் கேள்வி கேட்கிறாள். கேட்டுவிட்டு, பதிலும் சரியில்லை என்கிறாள்.

புதன்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

"கொக்கியைப் பாப்பேன். வடத்தைப் பாப்பேன். கல்லைப் பாப்பேன். கீழ நின்னு சைகை காட்டுற ஆளோட கையைப் பாப்பேன். காத்தடிச்சா அதையும் பாப்பேன். போதுமா?"

"நல்ல பதில்."

"அப்ப எழுதுங்க."

அவள் பையிலிருந்து ஒரு சாக்கட்டியை எடுத்து நீட்டினாள்.

"நீங்க மத்தியானம் கல்லைத் தொங்க விடுவீங்கள்ல, அந்த இடத்துல அது விழுந்தா எங்க விழும்? வரைஞ்சு காட்டுங்க."

பால்வண்ணம் சிரித்தார். போனார். சிமெண்டுத் தரையில் கல்லின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டார்.

நிமிர்ந்து பார்த்தார். என்னவோ மாதிரி இருந்தது. தொழில் தெரிந்தவருக்கு அரைகுறை வேலை கண்ணை உறுத்துமே, அப்படி.

"நேரா விழாது," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "ஒரு வடம்தான் முதல்ல போகும். அப்ப கல்லு ஒருசாய்ஞ்சு, இந்த மூலை குத்தும். குத்தி இப்படி உருளும். உடைஞ்சா சில்லு அந்தா அதுவரைக்கும் தெறிக்கும். போன வடம் சும்மா போகாது, சாட்டை மாதிரி இந்தப் பக்கம் வீசும்."

சொல்லிச் சொல்லி வரைந்தார். குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வரைந்தார். சாக்கட்டி தீர்ந்தபோது, ஒரு சின்ன வீடு கட்டலாம் போல அவ்வளவு பெரிய வட்டம்.

"இதுக்கு வெளிய இருக்கவன் பொழைச்சான்," என்றார் பெருமையாக.

ஜெபக்கனி வட்டத்துக்குள்ளே பார்த்தாள். பேச்சித்தாயின் தூக்குச்சட்டி இருந்தது. கொம்பையாவின் செருப்பு இருந்தது. மோர் பாட்டில் ஒன்று துணி சுற்றி வைத்திருந்தது. இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பால்வண்ணத்துக்குத்தான் பேச வேண்டியிருந்தது.

"அது நான் தூக்குற கல்லு மேடம். விழாது."

"விழாத கல்லுக்கு எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுப் பெரிய வட்டம்?"

"நீங்க கேட்டிய, போட்டேன்."

"நாளைக்கு வாங்க."

*

வியாழக்கிழமை அவர் போகவில்லை. அவள்தான் வந்தாள்.

மணி ஒன்று. பால்வண்ணம் வழக்கம்போலக் கல்லைத் தொங்கவிட்டு ஏணியில் இறங்கினார். ஆனால் கீழே நிழலில் ஒருத்தரும் இல்லை. சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. நாலு பேரும் தள்ளி, வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, இங்க பாருங்க," என்று கத்தினார் கொம்பையா. "எங்களை வத்தலா காயப் போட்டிருக்காவ!"

"திருப்பிப் போட மறந்துராதீங்க மேடம்," என்றாள் பேச்சித்தாய். "ஒரு பக்கமே காயுது."

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஏணியின் அடியில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. நீங்க போய் அந்த நிழல்ல உக்காந்து சாப்பிடுங்க. நான் மேல போய்க் கேபின்ல உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். எதையும் தொட மாட்டேன். கையைக் கட்டிட்டு இருப்பேன்."

பால்வண்ணம் அவளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"விளையாடாதீங்கம்மா."

"உக்கார மாட்டீங்களா?"

"நீங்க மேல இருந்தா நான் எப்படிக் கீழ உக்காருவேன்? இந்தக் கிரேனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியாத ஆளு மேல இருந்தா, கீழ உக்காரக் கூடாது."

"கூடாது. எவன் உக்காருவான்?"

"நேத்து மத்தியானம் மேல யாரு இருந்தா அண்ணாச்சி?"

பால்வண்ணத்துக்குக் கோபம் வந்தது.

"யாருமே இல்லாட்டி லிவரைத் தொட ஆளில்ல. அதானம்மா பத்திரம்? சாவி என் இடுப்புல கிடக்கு. நான் ஏறாம அந்தக் கல்லு ஒரு இஞ்சு அசையாது."

"அசையாது?"

"அசையாது."

"சரி," என்றாள்.

கயிற்றுக்கு வெளியே ஒரு கட்டைமேல் ஏறி நின்று, ஒரு கண்ணை மூடி, கல்லின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "கிரேன் கால்ல ஒரு கோடு போடுங்க. கொஞ்சம் மேல. இன்னும். ஆங், அங்க." பால்வண்ணம் ஏணியில் நின்றபடி, அவள் கொடுத்த புதுச் சாக்கட்டியால் கோடு போட்டார். இறங்கி வந்து, அவரும் கட்டைமேல் ஏறி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கல்லின் அடியும் கோடும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"அரை மணி நேரம் நாமளும் வெயில்ல உக்காருவோம். வாங்க."

உட்கார்ந்தார்கள். பால்வண்ணம் கடைக்குப் போகவில்லை. பேச்சித்தாய் இரண்டு இட்லியை எடுத்து இலையில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். ஜெபக்கனி கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றை எல்லாருக்கும் ஒரு கை வைத்தாள். தரை சுட்டது. கொம்பையா ஒரு பக்கமும் மறு பக்கமுமாக மாறி மாறி உட்கார்ந்தார். எல்லார் கண்ணும் கல்மேலேயே இருந்தது.

அரை மணி ஆனது.

"போய்ப் பாருங்க அண்ணாச்சி."

பால்வண்ணம் கட்டைமேல் ஏறினார். ஒரு கண்ணை மூடினார்.

கோடு இருந்த இடத்தில் இருந்தது. கல் அதற்கு நாலு விரற்கடை கீழே இருந்தது.

மறு கண்ணை மூடிப் பார்த்தார். அப்படியும் நாலு விரற்கடைதான்.

"மேல யாரு இருந்தா?" என்றாள் ஜெபக்கனி.

"யாரும் இல்ல."

"சாவி?"

பால்வண்ணம் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

"அப்ப யாரு இறக்குனா?"

கொம்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆறு வருஷமாகச் சொல்லிப் பழகியதுதான். பேச்சித்தாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் பிடித்திருந்த உருண்டையைச் சட்டியிலேயே வைத்துவிட்டார்.

பால்வண்ணம் ஏணியில் ஏறினார்.

தூளியில் கிடக்கும் பிள்ளையைப் பாயில் விடுகிற மாதிரி அந்தக் கல்லை இறக்கினார். இரண்டு மரக்கட்டைமேல் அது உட்கார்ந்ததும் வடம் தொய்ந்தது. அப்புறமும் அவர் இறங்கி வரவில்லை. கேபினிலிருந்து குனிந்து பார்த்தார்.

தான் போட்ட வட்டம் மேலேயிருந்து முழுசாகத் தெரிந்தது. அது எவ்வளவு பெரிசு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பாதி மத்தியானம் அங்கேயே இருந்தார்.

இறங்கி வந்தவர் அட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. "பிரேக்கைப் பிரிக்கச் சொல்லுங்கம்மா," என்றார்.

அன்று முழுக்க அவர் வாயில் மேடம் என்ற சொல்லே வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்து பிரேக்கைப் பிரித்தார். உள்ளே, வடம் இறங்காமல் பிடித்து நிறுத்துகிற லைனர் அப்பளம் மாதிரி தேய்ந்திருந்தது. அவர் அதை விரலில் வைத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"இதை நம்பியா ஓய் தொங்க விட்டீரு?" என்று பால்வண்ணத்தைக் கேட்டார்.

பால்வண்ணம் லைனரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை புது லைனர் மாட்டியாகிவிட்டது. காலையில் ஏழு கல் ஏற்றினார்கள். மணி ஒன்று அடித்தது.

"அண்ணாச்சி! நிழல்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார் கொம்பையா.

பால்வண்ணம் கல்லைத் தரையில் இறக்கினார்.

"புது பிரேக்குல்லா போட்டிருக்கு? இப்பவும் அசையுமோ?"

"அசையாது."

"பொறவு என்ன?"

"தொங்க விட மாட்டேன்யா."

"மேடம் வந்தாலும் வந்தாவ, அண்ணாச்சிக்கு எங்க மேல இருந்த பாசம் போச்சு," என்று யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார் கொம்பையா. "ஆறு வருஷம் சோறு போட்ட மகராசன் மாதிரி நிழல் போட்ட மனுசன். இப்பப் பாரு!"

பால்வண்ணத்துக்குச் சுருக்கென்றது. என்ன சொல்வது? வெயில் வெயிலாகத்தானே இருக்கிறது.

அவர் கடைக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்த்தார். நாலு பேரில் மூன்று பேரைக் காணவில்லை. தேடினார். கல் ஏற்றி நின்ற ட்ரெய்லருக்குக் கீழே, சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, மூன்று பேரும் தூக்குச்சட்டியைத் திறந்திருந்தார்கள்.

விசில் சத்தம் கேட்டது. ஜெபக்கனி ஓடி வந்தாள்.

"எந்திரிங்க! வெளிய வாங்க! டிரைவர் பாக்காம எடுத்துட்டா என்ன ஆகும்?"

மூன்று பேரும் தவழ்ந்து வெளியே வந்தார்கள். கொம்பையாவுக்கு முட்டி சிராய்த்திருந்தது.

"அங்க உக்காராதேங்கிய. இங்க உக்காராதேங்கிய," என்றார். இந்த முறை அவர் குரலில் வேடிக்கை இல்லை. "எங்கதான் உக்காரன்னு ஒரு இடம் சொல்லுங்க மேடம். அங்க போய் உக்காருதோம்."

ஜெபக்கனி போர்டைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க," என்றாள். அவளுக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு பால்வண்ணத்தைப் பார்த்ததும் அந்த முகம் கொஞ்சம் தெளிந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"அட்டையைக் குடுங்க அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டுருதேன்."

பால்வண்ணம் சட்டைப்பையில் கையை விட்டார். அட்டை விரலில் பட்டது. எடுக்கவில்லை.

"எம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"கல்லைத் தூக்கும்போது எங்க பாக்கன்னு கேட்டிய. போர்டு வைக்கும்போது நீங்க எங்க பாப்பிய?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் விரலை நீட்டினார்.

அவள் திங்கட்கிழமை நட்ட போர்டுகளில் ஒன்று, யார்டின் நடுவில், கொஞ்சம் சாய்ந்து நின்றது. அதற்குக் கீழே தரையில் ஒரு முறம் அளவுக்கு நிழல். பேச்சித்தாய் அந்த நிழலுக்குள் தலையை மட்டும் நுழைத்து, உடம்பு முழுக்க வெயிலில் கிடக்க, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் தலைக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது, 'நிற்காதே' என்று.

ஜெபக்கனி பார்த்துக்கொண்டே நின்றாள். பேனாவின் மூடி கையில் இருந்தது. அதைப் போடவும் இல்லை, கீழே விடவும் இல்லை.

"சாயந்தரத்துக்குள்ள கையெழுத்து விழலைன்னா, திங்கக்கிழமை நீங்க மேல ஏற முடியாது," என்றாள் மெதுவாக. "தெரியும்ல அண்ணாச்சி?"

"தெரியும்."

"வேற ஆளு வருவான்."

"வரட்டும். அவன் வந்தாலும் இவங்க மத்தியானம் எங்கயாவது உக்காரணும்லா?"

பால்வண்ணம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் வாங்கிக் குடுங்கம்மா. கட்டி முடிச்சதும் அதுக்குக் கீழ உக்காந்து எழுதிக்கிடுங்க."